சிறைக் காவலர் வேலை: காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சீருடைப் பணியாளர் தேர்வுக்கு அறிவிப்பு வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் காலையில் ஓடுகிற பையன்கள் கூட்டம் இரண்டு மடங்காகிவிடும். இரண்டாம் நிலைக் காவலர், தீயணைப்பாளர் பணிகளோடு சிறைக் காவலர் பணிக்கும் அதே தேர்வில்தான் ஆள் எடுக்கிறார்கள். போலீஸ் கனவோடு எழுதி, கடைசியில் ஜெயில் என்று ஆணை வந்ததும் முகம் சுண்டிப்போகிறவர்கள் உண்டு. அவர்களும் அவர்கள் வீட்டாரும், சிறைத் துறையில் தலைமைக் காவலராக ஓய்வுபெற்ற என்னிடம் வந்து கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணே, போலீசும் ஜெயிலும் ஒண்ணுதானே? ரெண்டும் காக்கிதானே?

காக்கி ஒன்று, துறை வேறு. நீங்கள் சேரப்போவது சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. போலீஸ்காரர் ஒரு ஆளைப் பிடித்து, விசாரித்து, கோர்ட்டில் நிறுத்திவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விடுவார். அந்த ஆளோடு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒரே மதிலுக்குள் இருக்கப்போவது நீங்கள். முரட்டுத்தனத்தைக் காட்டி ஒரு வாரம் ஓட்டலாம். பணிக்காலம் முழுக்க ஓட்ட முடியாது.

விசாரணை உங்கள் வேலையே இல்லை. "நெசமாவே நீதான் வெட்டுனியா?" என்று ஆர்வத்தில்கூடக் கேட்காதீர்கள். அவர் ஏதாவது சொல்லிவைத்து, அது வெளியே கசிந்தால், நாளைக்கு சாட்சிக் கூண்டில் நீங்கள் நிற்க வேண்டிவரும்.

நம்ம பக்கத்துல எங்கெங்க போஸ்டிங் வரும்?

தமிழ்நாட்டில் மத்திய சிறைகள் ஒன்பது. நமக்குக் கிட்டத்தில் மதுரையும் திருச்சியும். இவை தவிர ஊர் ஊருக்குக் கிளைச்சிறைகள், பெண்களுக்குத் தனிச்சிறைகள், இளங்குற்றவாளிகளுக்குப் புதுக்கோட்டையில் பார்ஸ்டல் பள்ளி. காளையார்கோவில் பக்கம் புரசடைஉடைப்பில் திறந்தவெளிச் சிறை இருப்பது நம் மாவட்டத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. நன்னடத்தை உள்ள தண்டனைக் கைதிகள் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள், ஆடு மாடு வளர்க்கிறார்கள். மத்திய சிறை மாதிரி உயர்ந்த மதில் கிடையாது.

எங்கே போட்டாலும் போங்கள். ஆனால் ஒன்று: கிளைச்சிறை சின்னது, வேலையும் கொஞ்சம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள்பலம் குறைவு என்பதால் அங்கேதான் ஒருவரே நாலு பேர் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உள்ள இருக்கிறவங்க எல்லாருமே தண்டனை வாங்கினவங்கதானா?

இல்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. நாளைக்கே விடுதலையாகி செக்காலை ரோட்டில் கடை திறக்கக்கூடிய ஆளைத்தான் இன்றைக்கு நீங்கள் பூட்டுகிறீர்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளை விட்டுவிடுங்கள். மற்ற வழக்குகளில், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக்காலம் உள்ளேயே கழித்துவிட்ட விசாரணைக் கைதி ஜாமீனுக்குத் தகுதி பெறுகிறார். முதல்முறை வழக்கில் சிக்கியவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது. தகுதி வந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருக்கு உண்டு. "சார், நான் வந்து ரொம்ப நாளாச்சு" என்று ஒருவர் புலம்பினால், அதை அலுவலகத்தின் காதில் போடுவது உங்கள் வேலை.

கையில துப்பாக்கி இல்லாம நூறு பேருக்கு நடுவுல விடுறாங்களே, பயமா இருக்காதா?

பயம் இருக்கும். இருக்கவும் வேண்டும். உள்ளே கைதிகளோடு புழங்குகிறவர் கையில் துப்பாக்கி கொடுக்காததே உங்கள் பாதுகாப்புக்காகத்தான். பறித்துக்கொள்ள ஒன்று இல்லாவிட்டால் பாதி ஆபத்து குறைந்தது. நெல்சன் மண்டேலா விதிகள் என்று ஐ.நா. 2015-இல் ஏற்றுக்கொண்ட சிறை விதிகளும் இதையே சொல்கின்றன: கைதிகளோடு நேரடியாகப் பழகும் ஊழியர்கள், விசேஷ சந்தர்ப்பம் தவிர, ஆயுதம் வைத்திருக்கக் கூடாது.

அப்புறம் எது காப்பாற்றும்? முதலாவது, சலிப்பூட்டும் பழக்கங்கள். எண்ணிக்கை எடுக்கும்போது தலையை எண்ணாமல் முகத்தைப் பார்த்து எண்ணுங்கள். போர்வையை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள், மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பூட்டினபின் பூட்டை ஒருதரம் இழுத்துப் பாருங்கள். தினமும் லத்தியால் ஜன்னல் கம்பிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல கம்பி கணீரென்று பேசும். அறுத்துவைத்து, சோற்றுப் பசையும் அழுக்கும் பூசி மறைத்த கம்பி 'டப்'பென்று செத்த சத்தம் கொடுக்கும். காது பழகிவிட்டால் தூக்கக் கலக்கத்திலும் தெரியும். மெயின் கேட்டில் உள்கதவும் வெளிக்கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. அமைச்சரே வந்து நின்றாலும் திட்டிவாசலில் ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது, சொன்ன சொல். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஒருவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சார், வக்கீலுக்கு மனு எழுத ஒரு வெள்ளைப் பேப்பர்" என்று கேட்கிறார். "அப்புறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஷிஃப்ட் முடிந்து போய்விடுகிறீர்கள். உங்களுக்கு அது மறந்துபோகும். அவருக்கு அன்று முழுக்க அந்தப் பேப்பரைத் தவிர வேறு வேலை இல்லை. அடுத்த நாள் காலைக் கஞ்சி வரிசையில் ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் தட்டு பறக்கும். ஏன் என்று யாருக்கும் புரியாது. தர முடியுமென்றால் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், அந்த மணிக்குக் கொடுங்கள். முடியாதென்றால் அப்போதே முடியாது என்று சொல்லுங்கள். முடியாது என்று கேட்டுப் பழகியவர்கள் அவர்கள், அதற்காகக் கோபப்பட மாட்டார்கள். ஏமாற்றினால்தான் மனசில் வைத்துக்கொள்வார்கள்.

வாடா போடான்னு பேசாட்டி ஏறி மிதிச்சிருவாங்கன்னு சீனியர் ஒருத்தர் சொன்னாரே?

அந்த சீனியர் எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள். கடைசியாகத் தன் அப்பா அடித்தபோது 'டேய்' கேட்ட நாற்பது வயது ஆளை, இருபத்துமூன்று வயதுப் பையன் பத்துப்பேர் முன்னால் 'டேய்' என்றால் அவர் அன்றைக்குச் சும்மா இருப்பார், ராத்திரி யோசிப்பார். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வயதில் மூத்தவரென்றால் 'வாங்க, போங்க'. சின்னப் பையனென்றால் 'வாப்பா, உக்காருப்பா' போதும். உத்தரவு போடுகிற வாக்கியம் சின்னதாக இருக்கட்டும்: "எந்திரிங்க. வரிசையில நில்லுங்க." இதற்குக் குரலில் உறுதி வேண்டும், வசவு தேவையில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் சீமையில் மாப்ளை, பங்காளி, மச்சான், சித்தப்பு என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். உள்ளே அது கூடாது. நம் ஊரில் யாரை யார் பங்காளி என்கிறார், யாரை மாப்ளை என்கிறார் என்பதிலேயே சாதி, கிராமம், கோயில் முறை எல்லாம் வெளியே வந்துவிடும். ஒருவரை முறை வைத்து அழைத்தால் பக்கத்தில் நிற்கிற பத்துப்பேர் உங்களை ஒரு பக்கத்து ஆளாகக் கணக்குப் போட்டுவிடுவார்கள். பெயர் எல்லோருக்கும் பொது.

சோதனை போடுறதுல எப்படிண்ணே மரியாதை பார்க்க முடியும்?

முடியும். என்ன செய்யப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் இடத்தில் துணியை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். மறைவில், இன்னொரு ஊழியர் சாட்சியாக இருக்கச் செய்யுங்கள். பெண் கைதியைப் பெண் காவலர் மட்டுமே சோதிக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. அறையைச் சோதிக்கும்போது குடும்பப் போட்டோ, சாமி படம், வழக்குக் காகிதம் மூன்றையும் கையால் எடுத்து, பார்த்து, இருந்த இடத்திலேயே வையுங்கள். காலால் தள்ளினீர்களென்றால் அன்று கைப்பற்றிய பீடிக்கட்டைவிடப் பெரிய வினையை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறீர்கள்.

அரைஞாண் கயிறு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே வரும்போது பெல்ட், கயிறு எல்லாம் கழற்றுவார்கள், தூக்குப் போட்டுக்கொள்ள உதவும் என்பதால். ஆனால் அரைஞாணை அறுப்பதை நம் ஆட்கள் அபசகுனமாக நினைக்கிறார்கள். கொப்புடையம்மன் கோயிலில் கட்டிய கைக்கயிறும் அப்படித்தான். கத்தரியை எடுத்து நீங்களே வெட்டினால் அங்கேயே மல்லுக்கு நிற்பார். காரணத்தைச் சொல்லி அவரையே அவிழ்த்துத் தரச்சொல்லுங்கள். உறையில் போட்டு, பெயர் எழுதி, உடைமைப் பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்குங்கள். விடுதலையாகும் நாளில் அதைத் திரும்பக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் கொண்டாந்து விடுற ஆளுக்கு உடம்புல அடிபட்ட காயம் இருந்தா?

வாய்விட்டுப் பேச வேண்டிய இடம் இது. சேர்க்கையின்போது ஒவ்வொரு காயத்தையும், இடம், அளவு, நிறம் உட்பட மருத்துவர் பதிய வேண்டும். நடக்க முடியாமல் வருகிறவரை, ரத்தம் நிற்காதவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்ல வேண்டும், நீதித்துறை நடுவருக்கும் தெரியப்படுத்த வேண்டும். "வரும்போதே இப்படித்தான்" என்று நாளைக்குச் சொல்ல உங்களிடம் எழுத்து இருக்க வேண்டும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்த தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச்சிறைக்கு ரிமாண்டில் அனுப்பப்பட்டு, சில நாளிலேயே ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். 2025 ஜூனில் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் பிடியில் இறந்தார். காவலில் ஒரு மரணம் நடந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். நடுவர் விசாரணை நடக்கும். அப்போது முதலில் கேட்பது சேர்க்கைப் பதிவேட்டைத்தான்.

முதல் ராத்திரி டூட்டியில எதை முக்கியமாப் பாக்கணும்?

உங்களுக்கு அது முதல் ராத்திரியாக இருக்கலாம். யாருக்கெல்லாம் உள்ளே முதல் ராத்திரி என்று பாருங்கள். புதிதாக வந்தவர், அன்று தண்டனை அறிவிக்கப்பட்டவர், ஜாமீன் தள்ளுபடியானவர், வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தவர், குடும்பத்துக்குள்ளேயே கொலை செய்துவிட்டு வந்தவர். தற்கொலை எண்ணம் வருவது இவர்களில்தான் அதிகம். அழுகிறவரைவிட, திடீரென்று சாந்தமாகித் தன் சாமான்களை மற்றவருக்குப் பிரித்துக் கொடுக்கிறவரைக் கூடுதலாகக் கவனியுங்கள். தனி அறையில் போடாமல் நிதானமான இரண்டு பேரோடு வைக்கச் சொல்லுங்கள். ரவுண்ட்ஸ் போகும் நேரத்தை மாற்றி மாற்றிப் போங்கள். மணியடித்த மாதிரி போனால் இடைவெளி எத்தனை நிமிஷம் என்று உள்ளே இருப்பவர் கணக்குப் போட்டுக்கொள்வார். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் கைதாகிக் குடி நின்றதும் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டாம் மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், வலிப்பும் வரலாம். நடிக்கிறான் என்று ஒருவர் சொல்வார், பேய் பிடித்திருக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் இல்லை. குடி நிறுத்தியதால் வரும் இந்தச் சித்தக்கலக்கம் உயிரைக் குடிக்கும். விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரை வரவழையுங்கள். சேர்க்கையன்றே "தினம் எவ்வளவு குடிப்பீங்க, கடைசியா எப்ப?" என்று கேட்டுக் குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடிக்காம எப்படிண்ணே அடங்குவான்?

பலத்தைப் பிரயோகிக்கச் சட்டம் இடம் கொடுப்பது மூன்று சந்தர்ப்பங்களுக்கு: தற்காப்பு, தப்பி ஓட முயற்சி, சட்டப்படியான உத்தரவை உடல்பலத்தால் எதிர்ப்பது அல்லது உடம்பை அசைக்காமல் முரண்டு பிடிப்பது. அப்போதும் தேவையான அளவுதான். ஆள் அடங்கின நொடியில் கை நிற்க வேண்டும். அதற்கு அப்புறம் விழுகிற ஒவ்வொரு அடியும் உங்கள் சொந்தக் கணக்கு. நடந்ததை அன்றே கண்காணிப்பாளருக்கு எழுதிக்கொடுங்கள், அவரை மருத்துவரிடம் காட்டுங்கள்.

திமிராகப் பேசினார், சலாம் வைக்கவில்லை, பதில் சொல்லவில்லை என்பதற்கெல்லாம் அடி கிடையாது. சிறைக் குற்றமென்றால் எழுதுங்கள். விசாரித்துத் தண்டனை கொடுப்பது கண்காணிப்பாளர். அவரும் கைதியின் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை கூடாது. மனைவி வந்திருக்கும் நாளில் பார்க்கவிடாமல் இழுத்தடிப்பது, தண்ணீரை நிறுத்துவது மாதிரி பதிவேட்டில் வராத தண்டனைகள்தான் சிறைக்குள் பெரிய கலவரங்களுக்கு விதை.

ரெண்டு பேரு கட்டிப் புரண்டா உடனே உள்ள பாஞ்சிரவா?

தனியாகப் பாயாதீர்கள். சினிமாவில் சரி. முதலில் விசில், அப்புறம் அலாரம். இருவர் பெயரையும் உரக்கச் சொல்லி "விலகு" என்று கத்துங்கள். தன் பெயர் காதில் விழுந்தால் சிலர் ஒரு நொடி நிதானிப்பார்கள், அந்த ஒரு நொடியே போதும். சுற்றி நிற்கிறவர்களை விலக்கி அவரவர் அறைக்கு அனுப்புங்கள். வேடிக்கை பார்க்க ஆள் இல்லாவிட்டால் சண்டைக்குச் சூடு இறங்கிவிடும். போதிய ஆள் வந்தபிறகு உள்ளே போங்கள். ராத்திரி என்றால், ஒரே அறையைத் திறக்க இரண்டு மூன்று பேராவது வேண்டும். சண்டை என்று நாடகம் போட்டுக் கதவைத் திறக்கவைத்த கதைகள் உண்டு.

எங்க ஊர்க்காரனே உள்ள வந்துட்டா என்ன செய்றது?

கண்டிப்பாக வருவார். சிறாவயல் மஞ்சுவிரட்டில் கைகலப்பு, பூட்டிக்கிடக்கும் பெரிய வீட்டில் கதவு நிலையையும் பழஞ்சாமானையும் தூக்கியது, வரப்புத் தகராறு, குடும்பத்துக்குள் வெட்டு என்று ஏதாவது ஒன்றில் தெரிந்த முகம் வந்து நிற்கும். அன்றே மேலதிகாரியிடம் எழுதிக்கொடுத்துவிடுங்கள்: இன்னார் என் கிராமம், இன்ன முறை. முடிந்தால் வேறு பிளாக்குக்கு டூட்டி மாற்றிக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கஷ்டம் உள்ளே இல்லை, ஊரில்தான். அவருடைய அம்மா உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "தம்பி, நீதான் அங்க இருக்கியே, இந்த ஐநூறை மட்டும் அவன்ட்ட குடுத்துரு" என்று அழும். காபி கொடுங்கள், மனு பார்க்கும், அதாவது கைதியை நேரில் சந்திக்கும், நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள், ஆதார் அட்டையை எடுத்துப்போகச் சொல்லுங்கள். பணத்தை வாங்காதீர்கள். சேதியையும் சுமக்காதீர்கள்.

ஒரு பீடி, ஒரு போன் கால். இதுல என்ன பெரிய தப்பு?

ஒரு பீடியில் ஒன்றுமில்லை. நீங்கள் கொடுத்தீர்கள் என்பது அவருக்குத் தெரியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடுத்து கட்டாகக் கேட்பார், அதற்கடுத்து சிம் கார்டு. மறுத்தால், "சார், அன்னைக்கி நீங்க..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார். தடைசெய்த பொருளைச் சிறைக்குள் கொண்டுவருவது 1894-ஆம் வருஷச் சிறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் குற்றம். உங்களை அப்படிப் பிடித்தால் நீங்களும் அதே கம்பிக்கு உள்ளே, நேற்று வரை உங்களுக்கு வணக்கம் வைத்தவர்களோடு.

விதிப்படி கிடைக்க வேண்டியது தாமதமில்லாமல் கிடைத்தால் கள்ளவழிக்கு வேலை குறையும். தொலைபேசி வசதி, மனு, கடிதம், கேன்டீன் இவற்றில் அவருடைய முறை வரும்போது தள்ளிப்போடாதீர்கள். மேலே சொன்ன வெள்ளைப் பேப்பர் கதைதான் இங்கேயும்.

சாதி பிரிச்சு வச்சாத்தான் சண்டை வராதுன்னு சொல்றாங்களே?

அந்தக் காலம் முடிந்தது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைக்குள் சாதி பார்த்து அறை பிரிப்பதும், சமையலுக்கு ஒரு சாதி, கூட்டிப் பெருக்கவும் கக்கூஸ் கழுவவும் ஒரு சாதி என்று வேலை ஒதுக்குவதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதிவேடுகளில் சாதி எழுதும் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. வாயால் கேட்பதும் தேவையில்லை.

பகை இருக்கிறவர்களைப் பிரிக்கலாம். அதற்கு ஆதாரம் வழக்கு விவரமும் உளவுத் தகவலும், சாதி இல்லை. செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 24 திருப்பத்தூர், 27 காளையார்கோவில், 30 பசும்பொன் என்று தலைவர்கள் நினைவு நாட்கள் வரிசையாக வரும் நம் பக்கத்துக் காலண்டர் உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படி. யாருடைய புகழையும் யாருடைய பாட்டையும் நீங்கள் முணுமுணுக்காதீர்கள். மணிக்கட்டில் கலர்க் கயிறு இருந்தால் டூட்டிக்கு வருமுன் கழற்றிவிடுங்கள்.

மீசை முளைக்காத பசங்களும் வருவாங்களாமே?

18 வயது நிரம்பாதவர் சிறைக்கே வரக் கூடாது. 2015-ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டப்படி அவர்கள் பார்க்க வேண்டியது இளைஞர் நீதிக் குழுமத்தை. போலீஸ் 19 என்று எழுதியிருக்கும், பையன் "எனக்குப் பதினேழுதான்" என்பான். நம்புவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். அன்றே அலுவலகத்தில் சொல்லி, கோர்ட்டுக்குத் தெரியப்படுத்தச் செய்யுங்கள். பள்ளிச் சான்றிதழை வைத்துக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். அதுவரை பெரியவர்களோடு கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டைத் தாண்டி இருபத்தொன்று நிரம்பாதவர்களுக்காகத்தான் முன்னால் சொன்ன புதுக்கோட்டைப் பார்ஸ்டல் பள்ளி. அதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் 1925-லேயே போட்டது.

பெண்கள் சிறையில என் மக சேரப்போறா. தனியா என்ன தெரிஞ்சுக்கணும்?

பெண் கைதிகளைப் பெண் ஊழியர்தான் கண்காணிக்க வேண்டும். ஆண் அதிகாரி உள்ளே போவதென்றால் பெண் காவலர் கூடவே போக வேண்டும். உங்கள் மகள் அந்த இடத்தில் "சார், நான் வர்றேன்" என்று சொல்லத் தயங்கக் கூடாது. ஆறு வயது வரை குழந்தையைத் தாய் உடன் வைத்துக்கொள்ளலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அந்தக் குழந்தை கைதி இல்லை. எண்ணிக்கை வரிசையில் நிறுத்தக் கூடாது, பாலும் தடுப்பூசியும் விளையாட்டும் அதன் உரிமை. பெண்களைப் பார்க்க மனுவுக்கு ஆள் வருவது குறைவு, வீட்டார் கைகழுவிவிடுவார்கள். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண் எல்லாக் காவலருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகும்போது விலங்கு போட்டே ஆகணுமா?

வழிக்காவல் பெரும்பாலும் ஆயுதப்படைப் போலீசார் பொறுப்பு. ஆனாலும் கேள்வி உங்களிடமும் வரும். 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், வழக்கமாக எல்லோருக்கும் விலங்கு பூட்டுவது கூடாது, தப்பிவிடுவார் என்பதற்குத் தெளிவான காரணம் இருந்து அதைப் பதிவுசெய்தால்தான் பூட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்னால் சொன்ன புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, காவலிலிருந்து தப்பியவர், திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், கொலை, பயங்கரவாதம் மாதிரி சில வகைகளுக்கு விலங்கை அனுமதிக்கிறது. அனுமதி என்பதைக் கட்டாயம் என்று படிக்காதீர்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிறுத்தி செல்போனில் படம் எடுப்பதும், 'ரீல்' போடுவதும் அறவே வேண்டாம். அங்கே அவருடைய பிள்ளையின் வாத்தியார் நின்றுகொண்டிருக்கலாம்.

கூட வேலை பார்க்கிறவரே அடிச்சா? காட்டிக் குடுக்கவா?

எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிற கேள்வி. அந்த நிமிஷத்தில் இருவருக்கும் நடுவே போய், "அண்ணே, ஆபீஸ்ல கூப்பிடுறாங்க" என்று அவரை வெளியே கூட்டிவந்துவிடுங்கள். கோபத்தில் இருக்கிறவருக்கு இறங்கிவர ஒரு படி வேண்டும். பிறகு தனியாகப் பேசுங்கள். காயம் இருந்தால் மருத்துவருக்குச் சொல்லுங்கள், உங்கள் பெயரில் பொய் அறிக்கை எழுதச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். இதனால் சில காலம் டீக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். போகட்டும். விசாரணை வந்தால் அடித்தவரோடு, பார்த்துக்கொண்டு நின்றவரும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

திருடனுக்கும் கொலைகாரனுக்கும் எதுக்குப்பா மரியாதை? பறிகொடுத்தவனுக்குத்தான் வலி தெரியும்!

வீட்டுப் பெட்டகத்தை உடைத்த திருடனிடம் வைரத்தோட்டைப் பறிகொடுத்த ஒரு ஆச்சி என்னிடம் கேட்டது. கோபம் நியாயம். ஆனால் ஆச்சி, கோர்ட் அவருக்குக் கொடுத்தது சிறைவாசம். நடமாட்டத்தைப் பறித்தது, அவ்வளவுதான் தண்டனை. அதன்மேல் அடி, வசவு, பட்டினி என்று சொந்தத்தில் சேர்த்துக்கொள்ள காவலருக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. திகார் சிறையில் பக்கத்துக் கைதியைப் பணத்துக்காக ஒரு தலைமை வார்டர் சித்திரவதை செய்ததை, சுனில் பத்ரா என்ற கைதி கடிதமாக எழுதி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு அனுப்பினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, சிறை மதிலோடு அடிப்படை உரிமை நின்றுவிடாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார்.

ஆச்சிக்கு இந்தப் பதில் பாதிதான் பிடித்தது. "சரி, அவன் திரும்பி வந்து என் வீட்டுப் பக்கம் வராம இருந்தாச் சரி" என்றார்கள். அதைத்தான் நானும் சொன்னேன். அடிபட்டே வெளியே வருகிறவர் எந்தக் கோபத்தோடு வருவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்று.

ஜெயிலுக்கே போகாம கண்காணிப்புல விடுறாங்களே, அது என்ன?

1958-ஆம் வருஷக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். குற்றம் நிரூபணமானாலும், குற்றத்தின் தன்மையையும் ஆளின் பின்னணியையும் பார்த்து, அதிகபட்சம் மூன்று வருஷ நன்னடத்தைப் பிணையில் கோர்ட் விடலாம். நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பார். அவர் வேலையிலும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும், கூடுதலாக ஒன்று: பையன் வேலை பார்க்கும் கடைக்கு ஜீப்பில் போய் இறங்கி விசாரித்தால் அன்றே வேலை போய்விடும். பையனை அலுவலகத்துக்கு வரச்சொல்லலாம், அல்லது முதலாளிக்குத் தெரியாமல் வீட்டில் பார்க்கலாம்.

விடுதலையானவரு பஸ் ஸ்டாண்டுல பாத்து வணக்கம் வச்சா?

திருப்பி வையுங்கள். கூட அவருடைய பெண்டாட்டி பிள்ளை நிற்கலாம், வேலைக்குச் சேர்த்த முதலாளி நிற்கலாம். "எப்ப ரிலீஸ்? கேஸு என்னாச்சு?" என்று ஆரம்பிக்காதீர்கள். அவராகப் பேசாவிட்டால் நீங்களும் தெரியாத மாதிரி போய்விடுங்கள், அது அவர் உரிமை. வீட்டு விலாசம், போன் நம்பர் கொடுக்க வேண்டாம். கடன் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். வேலை கேட்டால் நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். விடுதலையானவர்களுக்கு உதவ அங்கே ஏற்பாடு உண்டு. எந்தக் கட்டடம், எத்தனை மணிக்குப் போனால் ஆள் இருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.